நேரில் போவதா, போனில் பார்ப்பதா?

ஹட்டன் நீதவான் நீதிமன்றத்தில் தவணை நாளன்று வாசலில் காத்து நிற்கும் பலருக்கு வழக்கின் விவரம் அவ்வளவாகத் தெரியாது. சிறைச்சாலை வண்டியிலிருந்து மகனோ கணவனோ இறங்கி உள்ளே போகும் அந்த அரை நிமிடத்தில் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வந்திருப்பார்கள். விளக்கமறியலில் இருப்பவரை வழக்கமாக 14 நாளுக்கு ஒருமுறை நீதவான் முன் நிறுத்துவதால், தோட்டத்துக் குடும்பங்களுக்குத் தவணை நாளே பார்க்கும் நாளாகவும் ஆகிவிட்டது. நீதிமன்றத்துக்கு ஒரு நாள், சிறைக்கு ஒரு நாள் என்று இரண்டு நாள் சம்பளத்தை விட்டுக்கொடுக்க யாரால் முடியும்? நாட்சம்பளம் 1,350 ரூபாயாவதற்கே 2024 வரை போராட வேண்டியிருந்தது.

2020 மார்ச்சில் கொவிட் வந்ததும் சிறைகளில் பார்வையாளர் சந்திப்பு நிறுத்தப்பட்டது. கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்து வராமல், சிறையிலிருந்தே காணொளி வழியாக நீதவான் முன் நிறுத்தும் வழக்கமும் அப்போதுதான் பரவியது. அதனால் நீதிமன்றத்துக்கு வேலை சுலபமானது, குடும்பத்துக்கோ அந்த அரை நிமிடமும் இல்லாமல் போனது. அந்த வருடம் நவம்பர் 29ஆம் திகதி மஹர சிறையில் கலவரம் வெடித்து 11 கைதிகள் இறந்தார்கள். தன் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று கேட்டுத் தாய்மார் சிறை வாசலில் அழுததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

இன்று கையில் வட்ஸ்அப் இருக்கிறது, சிறைகளில் கட்டணத் தொலைபேசியும் இருக்கிறது. காணொளிச் சந்திப்பு எல்லாச் சிறையிலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. உங்கள் ஆள் இருக்கும் சிறையின் நலன்புரி அதிகாரியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கிடைக்குமானால் எதைத் தெரிவு செய்வது? முதல் இரண்டு வாரம் எப்பாடுபட்டாவது நேரில் போங்கள் என்பேன்.

பொலிஸ் பிடித்துச் சென்ற பிறகு வரும் முதல் நாள்களில்தான் உடம்பில் அடையாளங்கள் இருக்கும். நொண்டி நடக்கிறானா, கை வீங்கியிருக்கிறதா, காது கேட்கிறதா என்பதைத் தாய் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள். திரையில் தெரிவது கழுத்துக்கு மேலேதான், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரியாது. தீர்ப்பு வராத கைதி வெளியிலிருந்து உணவும் உடையும் பெற்றுக்கொள்ளச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் இடம் கொடுக்கிறது. சீனி வருத்தக்காரர் என்றால் மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்டலாம். இவனைத் தேடி ஆள் வருகிறது என்று உள்ளே தெரிவதே ஒரு பாதுகாப்பு. காயம் கண்டால் அன்றே திகதியோடு எழுதி வையுங்கள். அடுத்த தவணையில் சட்டத்தரணி மூலம் நீதவானிடம் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை கேட்கலாம்.

நேரில் போவது சுகமான காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஹட்டனிலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர் மலைப்பாதை. பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வருபவர் முதலில் ஹட்டனுக்கே ஒரு பஸ் பிடிக்க வேண்டும். கண்டி நகரின் போகம்பரைச் சிறை மூடப்பட்டு பல்லேகலைக்குப் போய்விட்டதால், கண்டியில் இறங்கி இன்னொரு பஸ். எல்லாம் கடந்து போனால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர், அந்தப் பக்கம் இருபது பேர் கத்திக்கொண்டிருப்பார்கள், சில நிமிடங்களில் நேரம் முடிந்துவிடும். கொழும்புக் கடையில் வேலைக்குப் போன பையன் அங்கேயே பிடிபட்டு, அங்கேயே விளக்கமறியலில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். தூரத்துச் சிறைக்கும் நீண்ட தண்டனைக்கும் திரையும் தொலைபேசியும் உண்மையிலேயே வரம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அப்பாவின் குரலை வாராவாரம் கேட்கலாம். லயத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால் மேட்டுக்கு ஏறியாவது பேசலாம்.

ஆனால் அது நேர்ச் சந்திப்புக்கு மேலதிகமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். காணொளி புகுத்திய மாவட்டச் சிறைகளில் 74 சதவீதம் நேர்ச் சந்திப்பையே நிறுத்திவிட்டதாக 'பிரிசன் பொலிசி இனிஷியேட்டிவ்' அமைப்பு 2015இல் கண்டறிந்தது. திரைக்குக் கட்டணம் வேறு. 2024இல் மிச்சிகன் மாநிலத்தில் பெற்றோரைத் தொட்டுப் பார்க்க முடியாத பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். இந்தியாவில் 'ஈ-முலாகாத்' என்ற அரச இணையத்தளத்தில் நேர்ச் சந்திப்புக்கும் காணொளிச் சந்திப்புக்கும் பதிவு செய்யலாம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதே சரியான ஏற்பாடு. ஐ.நா.வின் மண்டேலா விதிகளில் 58ஆவதும் கடிதம், தொலைத்தொடர்பு ஆகியவற்றோடு நேர்ச் சந்திப்பையும் சேர்த்தே சொல்கிறது. இயன்றவரை வீட்டுக்கு அருகிலுள்ள சிறையில் வைக்க வேண்டும் என்பது 59ஆவது விதி. தண்டனை பெற்றவரை இடம் மாற்றும்படி சிறைச்சாலைகள் ஆணையாளர் நாயகத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது வயதான பெற்றோர், தூரம், பஸ் செலவு எல்லாவற்றையும் எழுதுங்கள்.

போனில் பேசும்போது வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அதிகாரிகள் கேட்டுக்கொண்டிருப்பார்கள், வழக்குப் பேச்சு சட்டத்தரணியோடு மட்டும். உள்ளே களவாக வந்த கைப்பேசியிலிருந்து அழைப்பு வந்தால் அதை வளர்க்காதீர்கள், பிடிபட்டால் இன்னொரு வழக்கு வரும். "உங்க மகனுக்கு அடி விழுது, உடனே ஈசி கேஷ் போடுங்க" என்று தெரியாத நம்பர் பேசினால் பணம் அனுப்பாமல் நேரே சிறை அலுவலகத்துக்கு அழையுங்கள். பிணை எடுத்துத் தருகிறேன் என்று வாசலில் வரும் தரகரையும் அப்படியே தள்ளி வையுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

நேரில் போகிறவர் அடையாள அட்டையை மறக்கக் கூடாது. அது இல்லாத முதியவர் எந்த ஆவணம் செல்லும் என்பதை முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுப் புறப்படட்டும். பெண்களைப் பெண் அதிகாரியே சோதிக்க வேண்டும். தமிழில் பேசாதே என்று யாராவது தடுத்தால், தமிழும் அரச கரும மொழி என்று தயங்காமல் சொல்லுங்கள். தீபாவளி, தைப்பொங்கல் நாள்களில் சிறைச்சாலைத் திணைக்களம் இந்துக் கைதிகளுக்கு விசேட சந்திப்பு அறிவிக்கும், ஒருவருக்குப் போதுமான சாப்பாடும் கொண்டுபோகலாம். வருடத்தில் ஒரு தடவைதான் போக முடியும் என்றால் அந்த நாளைப் பிடியுங்கள். சிறைக்குக் கொடுக்கும் முகவரியில் தோட்டத்தின் பேர் மட்டும் இருந்தால் கடிதம் ஒஃபிஸில் தூங்கும். டிவிஷன், லய இலக்கத்தோடு இரண்டு போன் நம்பரும் கொடுங்கள், இடம் மாற்றினால் அறிவிக்க அதுதான் வழி.

சந்திக்க விடாவிட்டாலோ அடித்த தடயம் கண்டாலோ இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தடுப்பு இடங்களுக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரம் அதற்குச் சட்டப்படி உண்டு. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் கெடு. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் கெடுவில் சேராது. ஆகவே முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பிரதியையும் திகதியிட்ட பற்றுச்சீட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.