கண்ணாடியிழைக்குள் ஒரு மரம்

கொல்லிமலையில் காப்பிச்செடிக்கு நிழலும் மிளகுக்கொடிக்குப் பற்றுமாக நிற்கிற சில்வர் ஓக், வெட்டிய பிறகு பிளைவுட்டுக்கு உதவும். கடலுக்குப் போகும் பிளைவுட் தனி ரகம். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரப்படி 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அதன் பசை விடக் கூடாது. நம் கரையோர ஃபைபர் படகுகளில் இன்ஜினைத் தாங்கும் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட்தான் இருக்கிறது.

சில பாய்மரப் படகுகளில் மரத்தின் பங்கு இன்னும் பெரிது. கோவாவின் அக்வேரியஸ் தளத்தில் கட்டப்பட்டு 2017இல் கடற்படையில் சேர்ந்தது 56 அடி நீளத் தாரிணி. அதன் உடல், நடுவில் மரமும் இருபுறமும் கண்ணாடியிழையுமாக அமைந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், இரண்டு கடற்படை அதிகாரிகள் மட்டுமே, 2024 அக்டோபரில் அதில் கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே மாதம் கோவா திரும்பினார்கள். எவ்வளவு பெரிய காரியம்!

முழுக்கக் கண்ணாடியிழையாலேயே கட்டினால் என்ன? இழுவிசையை அது நன்றாகத் தாங்கும். ஆனால் மெல்லிய தகடாக இருந்தால் வளைந்துகொடுக்கும். தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும், எடையும் இரட்டிக்கும். எடை கூடாமல் தடிமன் வேண்டும் என்பதால்தான் நடுவே இலேசான மரம். அலை அறையும்போது ஒருபுறக் கண்ணாடியிழைத் தோல் இழுபடும், மறுபுறத் தோல் அமுங்கும். இரண்டும் ஒன்றையொன்று நெருங்காமலும் வழுக்காமலும் பிடித்துவைப்பது மரத்தின் வேலை. இதற்குச் செடார் சட்டங்களும் பால்சா மரமும் பெயர்பெற்றவை. பால்சா ஒரு கனமீட்டர் சுமார் 150 கிலோதான். கண்ணாடியிழை ஏறக்குறைய அதைப்போல் பத்து மடங்கு. பால்சாவைக் குறுக்காக அறுத்து, அதன் நார்கள் தோலுக்குச் செங்குத்தாக நிற்கும்படி பதிக்கிறார்கள். நார் போகும் வாக்கில்தான் மரத்துக்குப் பலம். நாருக்குக் குறுக்கே நீர் மெதுவாகவே பரவும் என்பதால், ஓரிடத்தில் கசிந்த ஈரம் பக்கவாட்டில் சட்டென ஓடாது.

ஆனாலும் ஈரம்தான் இந்த நடுமரத்துக்கு எமன். மேல்தளத்தில் கொக்கி மாட்டப் போட்ட ஒரு திருகாணித் துளை போதும், ஈரம் உள்ளே போக. மழைநீர் கடல்நீரைவிட மோசம். உப்பு பூஞ்சையை ஓரளவு அடக்கும், நன்னீர் வளர்க்கும். நல்ல தச்சர் முதலில் துளையைப் பெரிதாகக் குடைந்து எபாக்சிப் பிசினை நிரப்புவார். அது இறுகியபின் அதன் நடுவே ஆணிக்குத் துளையிடுவார். ஆணி மரத்தைத் தொடவே தொடாது. பழைய படகானால் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கணீரென்ற ஒலி மங்கி மொத்தென்று கேட்கும் இடத்தில் சந்தேகம். உளுத்திருந்தால் தோலை அறுத்தெடுத்து, ஈரத்தை உலர்த்தி, புது மரம் பதித்து மறுபடி கண்ணாடியிழை போர்த்த வேண்டும்.