ஆணா, பெண்ணா? குற்றப் பதிவேட்டில் ஒரு குழப்பம்

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு கைதி வந்ததும் முதலில் குறிக்கப்படுபவை மூன்று: பெயர், வயது, ஆணா பெண்ணா என்பது. பெயரிலும் வயதிலும் பொய் சொல்பவர்கள் உண்டு. மூன்றாவதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது? பிரிட்டனில் வந்துவிட்டது!

பிறப்பால் ஆணாகி, பெண்ணாக வாழ்பவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்நாட்டுப் போலீஸ் படைகள் எல்லாம் ஒரே முறையைக் கையாளவில்லை. கைதி சொன்னதையே எழுதிக்கொண்ட படைகளும் உண்டு.

சிறிய எண்ணின் வித்தை

ஒரு சிலரால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். ஆனால் பலாத்காரக் குற்றங்களில் பெண்கள் மிகக் குறைவு. கொலைச் சந்தேகத்துக்கு உள்ளானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆண்களே என்று 2019-இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆய்வு ஒன்று கூறிற்று.

உதாரணத்துக்கு, ஒரு குற்றத்தில் 98 ஆண்களும் 2 பெண்களும் சிக்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்களில் இருவரைப் பெண்கள் கட்டத்தில் எழுதினால் ஆண்களின் கணக்கு 96 ஆகும். அது பெரிதாகத் தெரியாது. பெண்களின் கணக்கோ இரண்டு மடங்காகிவிடும்! 'பெண்களிடையே குற்றம் பெருகிவிட்டது' என்று அதைப் படிப்பவர் நினைத்தால் அது யார் தவறு? பெண்களுக்கான சிறைகளையும் சீர்திருத்தத் திட்டங்களையும் வகுப்பதற்கு இந்தக் கணக்கும் ஓர் ஆதாரமன்றோ?

ஸ்காட்லாந்தில் இந்த விவாதம் சூடு பிடித்தது. பாலியல் வல்லுறவுக் குற்றம் செய்த ஆண், ஆணாகவே பதியப்படுவான் என்று அங்குள்ள போலீஸ் தலைவர் ஜோ ஃபாரெல் 2024-இல் தெளிவுபடுத்தினார்.

மறுபக்கம்

திருநர்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பிறந்த பால் வெளியே தெரிந்தால் அவமானமும் ஆபத்தும் நேரலாம் என்பது அவர்கள் அச்சம். சட்டப்படி பாலை மாற்றிக்கொண்டவரின் ரகசியத்தைக் காக்க பிரிட்டனில் 2004-ஆம் வருஷத்துச் சட்டமே இருக்கிறது.

வழி என்ன?

அரசாங்கத்துக்காக இதை ஆராய்ந்த லண்டன் பேராசிரியை ஆலிஸ் சல்லிவன் 2025 மார்ச்சில் ஒரு யோசனை சொன்னார்: உடலின் பாலை ஒரு கேள்வியாகவும், பாலின அடையாளத்தை வேறொரு கேள்வியாகவும் கேளுங்கள்; இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்.

நம் நாட்டிலோ, 2020-ஆம் வருஷச் சிறைப் புள்ளிவிவரம் முதல் திருநர் கைதிகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஒருவரையும் மறைக்காமல், ஒருவர் கணக்கை இன்னொருவர் மேல் ஏற்றாமல் எழுத வேண்டும். கட்டம் சிறியதுதான், ஆனால் அதில் தவறினால் மொத்தக் கணக்கும் பொய் பேசும்!