இருந்தும் இல்லாத இரும்பு

வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் வினா ஒன்று உண்டு. பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியின் மகனோ மகளோ கேட்பார்: “அப்பாவுக்கு இரத்தசோகை என்கிறீர்கள். ஆனால் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இயல்பைவிடக் கூடுதலாக இருக்கிறதே, டாக்டர். இரும்பு நிறைய இருக்கும்போது இரத்தம் எப்படிக் குறையும்?” நியாயமான கேள்வி. இதற்கு விடை காண, உடலில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதோடு, அது எங்கே இருக்கிறது, வேண்டியபோது கைக்குக் கிடைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம்தான். ஓர் ஆணியின் எடை. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் உள்ளது. இரும்பு இன்றேல் பிராணவாயுவைச் சுமக்க இயலாது. உயிரணுவுக்குள் ஆற்றல் பிறக்கும் மைட்டோகாண்டிரியாவும் இயங்காது. ஆயினும் கட்டுப்பாடின்றித் திரியும் இரும்பு நச்சுத்தன்மை உடையது. உயிரணுவின் கொழுப்பையும் புரதத்தையும் மரபுப்பொருளையும் சிதைக்கும். மிகுதியான இரும்பை வெளியேற்றத் தனி வழி எதுவும் உடலுக்கு இல்லை. எனவே உள்ளே விடும் இடத்திலேயே காவல் தேவைப்படுகிறது.

ஒவ்வோர் உயிரணுவும் இந்தக் காவலை எவ்வாறு நடத்துகிறது என்பதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் டிரேசி ரூவால்ட். மருத்துவம் பயின்று ஆய்வுக்கு வந்தவர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெதஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனத்தில், 1980களில் ரிச்சர்ட் கிளாஸ்னரின் ஆய்வகத்தில் இப்பணியைத் தொடங்கினார். பின்னர் அங்கேயே தமக்கென ஆய்வுக்குழு அமைத்துப் பல பத்தாண்டுகள் இதையே தொடர்ந்தார்.

அவர்கள் கண்டதைப் புரிந்துகொள்ள இரண்டு பொருள்களை அறிந்தால் போதும். ஒன்று ஃபெரிட்டின், இது நெல் சேமிக்கும் குதிர் போன்றது. ஒரு ஃபெரிட்டின் கூட்டுக்குள் சுமார் 4500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். மற்றொன்று டிரான்ஸ்ஃபெரின் ஏற்பி. இரத்தத்தில் வரும் இரும்பை உயிரணுவுக்குள் எடுத்துக்கொள்ளும் வாசல். இரும்பு குறையும்போது வாசல்கள் பெருக வேண்டும், குதிர்கள் குறைய வேண்டும். மிகுந்தால் இதற்கு நேர்மாறு.

இவ்விரு வேலைகளையும் ஒரே கை செய்கிறது என்பதே வியப்பு. புரதம் செய்வதற்கான கட்டளையைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ. இழையில், கொண்டை ஊசி போல் வளைந்த ஒரு சிறு பகுதி இருப்பது 1987இல் கண்டறியப்பட்டது. இரும்பு குறைந்தால் ஐ.ஆர்.பி.1, ஐ.ஆர்.பி.2 என்னும் இரு புரதங்கள் அந்த வளைவைப் பற்றிக்கொள்கின்றன. ஃபெரிட்டினின் கட்டளையில் வளைவு தொடக்கத்தில் இருப்பதால், பற்றியதும் உற்பத்தி நின்றுவிடும். ஏற்பியின் கட்டளையில் வளைவுகள் இறுதியில் இருப்பதால், பற்றியதும் அக்கட்டளை அழியாமல் காக்கப்பட்டு வாசல்கள் பெருகும். இரும்பு நிறைந்தவுடன் ஐ.ஆர்.பி.1 தன்னுள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு சிறு கொத்தை ஏற்றுப் பிடியை விட்டு வேறொரு நொதியாக மாறிவிடும், ஐ.ஆர்.பி.2 சிதைக்கப்பட்டுவிடும்.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டில் ஒரு கை இல்லாமற்போனால் என்ன ஆகும்? ஐ.ஆர்.பி.2 இல்லாத எலிகளை ரூவால்டின் குழுவினர் உருவாக்கினர். முதிர்ந்த பருவத்தில் அவ்வெலிகளுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் தோன்றின. 2001இல் வெளியான அந்த ஆய்வில், அவற்றின் மூளை நரம்பிழைகளில் இரும்பு படிந்திருந்ததும் பதிவாயிற்று. பார்த்தவுடன் எவரும் சொல்லக்கூடியது, இரும்பு மிகுதியால் நரம்பு கெட்டது என்பதே. ஆனால் தொடர்ந்து ஆராய்ந்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. கட்டுப்படுத்தும் கை இல்லாததால் ஃபெரிட்டின் அளவின்றி உற்பத்தியாகி, கிடைத்த இரும்பையெல்லாம் தனக்குள் அடைத்துக்கொண்டது, வாசல்களோ குறைந்துபோயின. குதிர் நிறைந்திருக்க, அடுப்படியில் பட்டினி. நரம்பணுவின் மைட்டோகாண்டிரியா இரும்பின்றித் தவித்தன. மிக அரிதாக மனிதரிலும் இக்குறை உண்டு; ஐ.ஆர்.பி.2 மரபணுவின் இரு பிரதிகளும் செயலிழந்த நோயாளிகளுக்குக் கடும் நரம்புக் கோளாறும் இரத்தசோகையும் சேர்ந்து இருந்ததை 2019இல் மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

டெம்பால் என்னும் சேர்மத்தை உணவில் கலந்து அவ்வெலிகளுக்குக் கொடுத்தபோது, ஐ.ஆர்.பி.1 தன் நொதி வடிவத்தை விட்டுப் பற்றும் வடிவத்துக்கு மாறி, இல்லாத துணையின் வேலையையும் ஏற்றது. எலிகளின் நரம்புச் சிதைவு குறைந்தது. இது எலிகளில் கண்டது மட்டுமே. மருந்துக் கடையில் தேட வேண்டாம்.

ஃபிரெட்ரீக் தள்ளாட்ட நோயும் இதே வகைப் புதிர்தான். பெற்றோர் இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால் மட்டுமே தோன்றும் இந்நோயில், பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் நடை தடுமாறத் தொடங்கும். இதயத் தசையும் பாதிக்கப்படும். இதற்குக் காரணமான ஃபிரடாக்சின் மரபணு 1996இல் கண்டறியப்பட்டது. மேற்சொன்ன இரும்பு-கந்தகக் கொத்தைக் கட்டும் பணியில் ஃபிரடாக்சினுக்குப் பங்குண்டு. அது குறைந்தால் கொத்து உருவாகாது. இரும்பு போதவில்லை எனத் தவறாகக் கணக்கிட்டு மைட்டோகாண்டிரியா மேலும் மேலும் இரும்பை இழுத்துக் குவிக்கும். வெளியே மற்றப் பகுதிக்குத் தட்டுப்பாடு. வட சுவீடனில் காணப்படும், சிறு உழைப்பிலேயே தசை சோர்ந்துபோகும் ஒரு பரம்பரை நோயிலும் இதே குறைதான்.

படிந்த இரும்பை மருந்தால் அகற்றினால் போதாதா என்று குடும்பத்தினர் கேட்பது இயல்பு. அதையும் முயன்று பார்த்தார்கள். இரும்பை அகற்றும் டெஃபெரிப்ரோன் மருந்தை உயர்ந்த அளவில் பெற்ற ஃபிரெட்ரீக் நோயாளிகளுக்குத் தள்ளாட்டம் கூடவே செய்தது. ஏற்கெனவே பட்டினி கிடக்கும் இடத்திலிருந்தும் எடுத்தால் வேறென்ன நேரும்? 2023இல் அமெரிக்காவில் இந்நோய்க்கென முதன்முதலாக அனுமதி பெற்ற ஓமாவெலோக்சோலோன் இரும்பை அகற்றும் மருந்தன்று. உயிரணுவின் தற்காப்பைத் தூண்டுவது.

இனித் தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு வருவோம். அங்கே பூட்டு உயிரணுவுக்குள் இல்லை, உடல் அளவில் உள்ளது. நாட்பட்ட தொற்று, மூட்டழற்சி, சிறுநீரக நோய், புற்றுநோய் போன்றவற்றில் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. அது குடலிலிருந்தும் சேமிப்பு அணுக்களிலிருந்தும் இரும்பு வெளிவரும் வழியை அடைத்துவிடுகிறது. ஃபெரிட்டின் உயர்ந்து காணப்படும். எலும்பு மச்சைக்கோ இரும்பு எட்டாது. இத்தகையோருக்கு மாத்திரையாகத் தரும் இரும்பு பெரிதாகப் பயன்படாமற்போகலாம். அதனால்தான் சிலருக்கு நரம்பு வழியே இரும்பு ஏற்றுகிறோம். சிலருக்கு மூலநோயை அடக்குவதே சிகிச்சை.

ஆகவே ஃபெரிட்டின் எண்ணை மட்டும் பார்த்து அஞ்சவோ மகிழவோ வேண்டாம். காய்ச்சல் வந்தாலே அது உயரும். சமீபத்தில் காய்ச்சல் இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். டிரான்ஸ்ஃபெரின் செறிவு எவ்வளவு என்றும் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும். தலசீமியா மரபுக்கூறு உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகவே இருக்கும். இரும்புக் குறைபாடு உறுதிப்படாமல் அவர்கள் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை உண்பது தீங்காகலாம். அதே வேளை, கருவுற்ற பெண்கள் உள்ளிட்டோர் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இக்கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. மலம் கறுப்பது அம்மாத்திரையால் நேரும் இயல்பான மாற்றமே. மாத்திரை உண்ணும் நேரத்தில் தேநீரோ காப்பியோ அருந்தாதீர்கள். அடுத்த முறை வரும்போது பழைய அறிக்கைகளையும் எடுத்து வாருங்கள்.