புண் காய வேண்டுமா, ஆற வேண்டுமா?

"புண்ணைத் திறந்து விடு, காற்றுப் பட்டால் காய்ந்துவிடும்" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஹைதராபாதில் வீடு வீடாகச் சென்று புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் நான். நம் தமிழ்க் குடும்பங்களில் நான் பார்ப்பவை பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளின் காற்புண்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் மே மாத வெயிலில் கோயில் கல்தரையை வெறுங்காலோடு சுற்றுவார். சுட்டது, கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

காய்வது வேறு, ஆறுவது வேறு. இங்கிலாந்தின் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வை 1962இல் வெளியிட்டார். பாலிதீன் தாளால் மூடிய காயங்களில், திறந்து கிடந்தவற்றைவிடப் புதுத்தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது. புதுத்தோல் நகர ஈரம் வேண்டும். பொருக்கு கட்டிவிட்டால் அது அடியில் குடைந்து செல்ல வேண்டியிருக்கிறது.

வெறும் காஸ் துணி காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தெடுத்தால் புதிதாக முளைத்த சிவந்த சதையும் கூடவே வந்துவிடும். தினமும் இப்படிச் செய்தால் புண் எப்படி ஆறும்?

ஆகவே புண்ணைப் பார்த்துத்தான் கட்டு. செத்த சதை மஞ்சளாக வறண்டிருந்தால் ஹைட்ரோஜெல் அதை இளக்கிக் கழலச் செய்யும். நீர் அதிகம் வடிந்தால், கடற்பாசியிலிருந்து செய்யும் ஆல்ஜினேட் உறிஞ்சிக்கொள்ளும். இல்லாவிட்டால் சுற்றுத்தோல் ஊறி வெளுத்துப் போகும். சிவந்து சுத்தமாக இருந்தால் ஹைட்ரோகொலாய்டு ஒட்டிச் சில நாள் தொடாமல் விடலாம். வெள்ளி கலந்த கட்டு, கிருமி தொற்றிய புண்ணுக்குச் சிறிது காலம் மட்டுமே. ரத்த ஓட்டம் குறைந்த காலில் காய்ந்து கறுத்த பகுதியை மட்டும் நனைக்கவே கூடாது. அதை டாக்டர் பார்க்க வேண்டும்.

எந்தக் கட்டானாலும், புண்ணின்மேல் பாரம் விழுந்தால் பயனில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களை மாவுக்கட்டுப் போட்டே ஆற்றினார். பாரம் பாதம் முழுவதும் பரவியதுதான் காரணம். பின்னாளில் அந்த முறை சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவியது. "பூஜை அறை வரைதானே நடந்தேன்" என்று என்னிடம் சொல்லும் மாமிகள் உண்டு. அந்த நாலடியும் புண்ணின்மேல்தான்!

தினமும் படுக்குமுன் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். நாற்றம், காய்ச்சல், கறுப்பு, பரவும் சிவப்பு கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு நாள் தாமதம்கூட ஒரு விரலைக் கேட்கும். சில சமயம் காலையே கேட்கும்.