உத்திரமேரூர் வீட்டில் 'நீமோ' மீன்... கடல் இல்லாத ஊரில் வளர்க்க முடியுமா?

2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்குப் பிறகு, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கோல்டு ஃபிஷ் மாதிரி இதை வளர்த்திட முடியுமா? முடியாது. ஏன்னு பார்க்கலாம்.

சமையல் உப்பு போதுமா?

போதாது. கடல் நீரில் கால்சியம், மெக்னீசியம்னு பல தாதுக்கள் இருக்கு. அதனால மீன் தொட்டிக்கான கடல் உப்புக் கலவைதான் வேணும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 100 லிட்டர் தொட்டிக்கு மூன்றரை கிலோ. போர் தண்ணீருக்குப் பதில் ஆர்.ஓ. தண்ணீரில் கலக்குங்க.

வாங்கின அன்னைக்கே மீனை விடலாமா?

கூடவே கூடாது. மீன் கழிவில் வரும் அம்மோனியா விஷம். அதை மாற்றும் நல்ல பாக்டீரியா தொட்டியில் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டின பிறகே மீன் வாங்கணும். பல மீன்கள் முதல் வாரத்திலேயே சாக இந்த அவசரம்தான் காரணம்.

தண்ணீர் குறைஞ்சா என்ன ஊற்றணும்?

உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். ஆவியாகிறது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிடும். மறுபடி உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிடும்.

கோடை, கரண்ட் கட்?

வெப்பம் 24 முதல் 28 டிகிரிக்குள் இருக்கணும். வெயில் படாத இடம், மேலே சின்ன ஃபேன், பேட்டரி ஏர் பம்ப் அவசியம்.

பவளம் வைக்கலாமா?

கடலில் எடுத்த பவளப்பாறைத் துண்டு வேண்டாம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி கடினப் பவளங்கள் பாதுகாக்கப்பட்டவை. எடுப்பதும் விற்பதும் குற்றம். கடல் சாமந்தி இல்லாமலும் கோமாளி மீன் நல்லாவே வாழும்.

எந்த மீனை வாங்கணும்?

கடலில் பிடிச்சதை வேண்டாம். பண்ணையில் பொரிச்ச குஞ்சை வாங்குங்க. மண்டபத்தில் மையம் வைத்துள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கோமாளி மீன் குஞ்சு பொரிக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கு. பண்ணைக் குஞ்சு தொட்டிக்குப் பழகினது. தீவனமும் சட்டுனு சாப்பிடும்.

ஒரு ஆச்சரியம்: எல்லாக் கோமாளி மீனும் ஆணாகவே பிறக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அதனால இரண்டு குட்டிகளை வாங்கினாலே ஜோடி சேர்ந்திடும்.

கடையில் காசு கொடுக்கும் முன் கேளுங்க: "இது பண்ணை மீனா, கடல் மீனா?" பதில் தெளிவாக வரலைன்னா, அடுத்த கடையைப் பாருங்க.