அழவிடாமலே குழந்தையை இரவு நித்திரைக்குப் பழக்கலாம்

"அழ விடுங்கள், தானாக நித்திரைக்குப் பழகிவிடும்." கைத்தொலைபேசிக் காணொளிகள் வழியாக இந்த ஆலோசனை சித்தாண்டி போன்ற கிராமங்களின் இளம் தாய்மாரையும் எட்டுகிறது. ஆனால் பிள்ளை சிணுங்கினாலே அம்மம்மாமார் ஓடிப்போய்த் தூக்குவார்கள்.

அந்தப் பதற்றத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1990 செப்டெம்பர் 5 ஆம் திகதி, சித்தாண்டிக்கு அருகே வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்டார்கள். ஒளிந்திருந்த இரவுகளில் ஒரு கைக்குழந்தையின் அழுகை எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்த தலைமுறை அது. 'அழட்டும்' என்று அவர்களால் எளிதில் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

ஏன் எழும்புகிறது?

கைக்குழந்தையின் நித்திரை ஏறக்குறைய 50 முதல் 60 நிமிடச் சுற்றுகளாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிள்ளை அரைகுறையாக விழிக்கும். ஆடும் ஏணையில் கண்மூடிய பிள்ளை, ஏணை அசையாமல் இருக்கும்போது விழித்தால் அந்த ஆட்டத்தைத் தேடி அழுகிறது. கண்மூடியபோது இருந்த நிலையே விழிக்கும்போதும் இருந்தால், பல பிள்ளைகள் தாமாகவே மீண்டும் உறங்கிவிடும்.

நான்கு முதல் 11 மாதம் வரையான பிள்ளைக்குப் பகல் நித்திரையும் சேர்த்து 12 முதல் 16 மணித்தியாலம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை இரவில் பாலுக்கு எழும்புவது இயல்பு. அந்த வயதில் பாலைக் குறைத்துப் பழக்கக் கூடாது.

ஆய்வுகள் சொல்வது

அழும் பிள்ளையிடம் சில நிமிடம் பொறுத்துப் போய்த் தேற்றி, அந்த இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டும் முறையை 1985 இல் அமெரிக்க வைத்தியர் றிச்சர்ட் பேர்பர் பரவலாக்கினார். 2016 இல் அவுஸ்திரேலியாவின் பிளின்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 43 குழந்தைகளிடம் இந்த முறையையும், படுக்கும் நேரத்தை மாற்றும் இன்னொரு முறையையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பிள்ளைகள் விரைவாக நித்திரையானார்கள். ஒரு வருடத்தின் பின் பார்த்தபோதும் தாய்-பிள்ளை பிணைப்பில் பாதிப்புக் காணப்படவில்லை. இரண்டாவது முறைக்குப் பிள்ளையைத் தனியே அழவிடத் தேவையில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

முதலில், ஒவ்வொரு இரவும் ஒரே ஒழுங்கு: உடம்பு துடைத்தல், பால், ஓராட்டு, படுக்கை. வெளிச்சத்தைக் குறையுங்கள், தொலைபேசியைத் தள்ளி வையுங்கள்.

பிள்ளை வழமையாக இரவு 9.30 மணிக்குத்தான் உறங்குகிறதா? 8 மணிக்கே படுக்கவைத்துப் போராடாமல் 9.30 இலேயே தொடங்குங்கள். சுலபமாக உறங்கப் பழகியதும், சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள்.

ஏணை ஆட்டத்தையும் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். கண் சொருகியதும் ஆட்டத்தை நிறுத்தித் தட்டிக்கொடுங்கள். சில நாட்களின் பின் கையை மட்டும் வையுங்கள். பிறகு பக்கத்தில் இருந்தாலே போதும். நடு இரவில் சிணுங்கினால் ஒரு நிமிடம் கவனியுங்கள். அழுகை கூடினால் உடனே தேற்றுங்கள், விளக்கைப் போடாமல். தாயும் அம்மம்மாவும் ஒரே முறையைப் பின்பற்றுவது முக்கியம். ஆளுக்கொரு விதமாகச் செய்தால் பிள்ளை குழம்பிவிடும்.

ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீட்டிலும் இவற்றைச் செய்யலாம். பிள்ளையை மல்லாக்காக, தட்டையான உறுதியான விரிப்பில் கிடத்துங்கள். தலையணை வேண்டாம். புகைப்பவருக்கோ மது அருந்தியவருக்கோ பக்கத்தில் கிடத்த வேண்டாம். ஏணையில் உறங்கும் பிள்ளையைத் தனியே விட்டுப் போக வேண்டாம்.

தாயின் நித்திரை

பிள்ளை உறங்கிய பிறகும் தாய்க்கு நித்திரை வருவதில்லை, காரணமின்றி அழுகை வருகிறது, பிள்ளைமேல் பற்று வரவில்லை என்றால் அது சோம்பலோ குறையோ அல்ல. பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வாக இருக்கலாம். போரின் பழைய பயங்களும் இரவில் கிளம்பலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் நிறையைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

காய்ச்சல், மூச்சு எடுக்கச் சிரமம், பால் குடிக்க மறுத்தல் இருந்தால் அது நித்திரைப் பழக்கத்தோடு தொடர்பானதல்ல. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.