பாட்டிக்கு ஏற்ற இல்லம்

கேமரன் மலையின் பெயரைச் சொன்னால் தேயிலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். போ தேயிலை நிறுவனம் 1929ஆம் ஆண்டு இங்குத் தொடங்கப்பட்டது. காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி நட்டவர்களிலும் பிறகு கூடை சுமந்து கொழுந்து பறித்தவர்களிலும் தமிழர்கள் பலர் இருந்தனர். பிரிஞ்சாங் நகருக்கு மேலே உள்ள சுங்கை பாலாஸ் தோட்டத்திற்கு இன்று சுற்றுலாப் பயணிகள் தேநீர் அருந்தச் செல்கிறார்கள். அந்தச் சரிவுகளில் இளமையைக் கழித்த பெண்கள் இப்பொழுது பாட்டிகள். அவர்களின் பிள்ளைகளில் பலர் ஈப்போ, கோலாலம்பூர் போன்ற நகரங்களில் வேலை செய்கிறார்கள். பாட்டி நடமாடும்வரை எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். நடமாட்டம் நின்றுபோனால் என்ன செய்வது?

பிரிஞ்சாங்கில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். பாட்டிக்கு வயது 78. பக்கவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் தளர்ந்துவிட்டன. தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹஜா கல்சோம் மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருக்கிறார். அப்பா காய்கறித் தோட்டத்திலும் அம்மா தங்கும் விடுதியிலும் வேலை செய்கிறார்கள். பேத்தி நான்காம் படிவ மாணவி. அத்தை ஈப்போவில் இருக்கிறார். காலை ஏழு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை வீட்டில் பாட்டியைத் தவிர வேறு யாரும் இல்லை. ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், பேத்தி பள்ளியிலிருந்து திரும்பும்வரை தரையிலேயே கிடந்தார். அன்றிரவுதான் பராமரிப்பு இல்லம் என்ற சொல் அந்த வீட்டில் முதன்முதலாக எழுந்தது. “ஊர் என்ன சொல்லும்?” என்பதே அப்பாவின் முதல் கேள்வி. ஆனால், ஈரத் தரையில் ஆறேழு மணி நேரம் கிடந்தவருக்கு ஊர்ப்பேச்சைவிட அவசரமான தேவைகள் இருந்தன.

இல்லத்தைத் தேடும் முன் அதற்கு மாற்றுவழி உண்டா என்று பார்க்க வேண்டும். படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீட்டுக்கே வந்து கவனிக்கும் சேவையை அரசாங்கச் சுகாதார கிளினிக்குகள் சில இடங்களில் வழங்குகின்றன. சமூக நலத்துறையின் முதியோர் நடவடிக்கை மையங்கள் ‘பாவே’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகின்றன. நடமாட முடிந்தவர்கள் பகலில் அங்குக் கூடிப் பொழுதைப் பயனாகக் கழிக்கலாம். நம் பாட்டியால் நடக்க முடியாது. கழிவறைக்குச் செல்லவும் துணை தேவை. ஆகவே, பகல்நேர மையம் அவருக்குப் போதாது.

அடுத்து, ‘இல்லம்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு அமைப்புகள் அடங்கியிருப்பதை அறிய வேண்டும். பலரும் குழம்புவது இங்கேதான். அரசாங்கம் நடத்தும் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்கள், 60 வயதைக் கடந்து, கவனிக்க வாரிசு இல்லாத முதியோர்களுக்கு உரியவை. ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் அத்தகைய இல்லம் ஒன்று உள்ளது. பாட்டிக்குப் பிள்ளைகள் இருப்பதால் அவருக்கு அது பொருந்தாது. தனியாரும் தொண்டு அமைப்புகளும் நடத்தும் முதியோர் இல்லங்கள் இரண்டாம் வகை. நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம் எதுவானாலும் அது 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ்ச் சமூக நலத்துறையில் பதிவு செய்யப்பட வேண்டும். மூன்றாவது தாதிமை இல்லம். நோயால் தளர்ந்தவர்களுக்குத் தாதியரின் கவனிப்பை வழங்கும் இவ்வகை இல்லத்திற்கு, 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின்கீழ்ச் சுகாதார அமைச்சின் உரிமம் தேவை.

எந்த வகை இல்லம் வேண்டும் என்பதைப் பாட்டியின் உடல்நிலைதான் முடிவு செய்யும். மூக்குக் குழாய்வழி உணவு, ஆறாத புண், அடிக்கடி ஊசி போன்ற தேவைகள் உள்ளவர்களுக்குத் தாதிமை இல்லமே உகந்தது. குளிப்பாட்டவும் உணவூட்டவும் எழுப்பி உட்கார வைக்கவும் மட்டும் துணை போதுமென்றால் நல்ல முதியோர் இல்லம் பொருந்தும். தேவைக்கு மேற்பட்ட வசதிக்குப் பணம் கொடுப்பது வீண் செலவு. தேவைக்குக் குறைந்த இடத்தில் விடுவதோ ஆபத்து. எனவே, மருத்துவரிடம் பாட்டியின் தேவைகளை எழுதி வாங்கிக்கொண்டு புறப்படுவது நல்லது.

சில நாடுகளில் இல்லங்களின் தரத்தை அரசே வெளியிடுகிறது. இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் இல்லங்களைச் சோதித்து நான்கு நிலைகளில் ஒன்றை வழங்குகிறது. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு முதல் ஐந்து நட்சத்திர முறை நடப்பில் உள்ளது. அம்முறையிலும் ஒரு பாடம் உண்டு. தொடக்கத்தில், தங்களிடம் எத்தனை ஊழியர்கள் உள்ளனர் என்பதை இல்லங்களே எழுதித் தந்தன. அது போதாதென்று கண்டபின் சம்பளப் பதிவேட்டைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். நாமும் “ஊழியர்கள் எத்தனை பேர்?” என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடக் கூடாது. இந்த வாரத்துப் பணி அட்டவணையைப் பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். குறிப்பாக, இரவு இரண்டு மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்பது முக்கியமான கேள்வி. பகலில் பத்துப் பேர் நடமாடும் இடத்தில் இரவில் ஒருவர் மட்டுமே இருக்கக்கூடும்.

ஈப்போவில் மூன்று இல்லங்களைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் முறை சொல்லிவிட்டுச் செல்லலாம். இரண்டாம் முறை சொல்லாமல், மதிய உணவு நேரத்தில் செல்வது சிறப்பு. வரவேற்பறையின் சோபாவும் சுவர் ஓவியமும் நம்மைக் கவர்வதற்காக வைக்கப்பட்டவை. அவற்றைக் கடந்து படுக்கையறைக்கும் கழிவறைக்கும் செல்ல வேண்டும். பதிவுச் சான்றிதழ் சுவரில் உள்ளதா, காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழிவறையில் கைப்பிடி உண்டா? தீ விபத்து நேர்ந்தால் சக்கர நாற்காலி வெளியேற வழி உண்டா? தண்ணீர்க் குவளை முதியவரின் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா? சிறுநீர் நாற்றம் ஓரிடத்தில் சற்று நேரம் இருந்தால் குற்றமில்லை; வீடு முழுவதும் எப்பொழுதும் வீசினால், மாற்ற வேண்டிய நேரத்தில் யாரும் மாற்றவில்லை என்பது பொருள்.

அங்குள்ள முதியவர்களின் நகங்களையும் உதடுகளையும் கவனியுங்கள். நகம் வெட்டப்பட்டிருப்பதும் உதடு வறண்டு வெடிக்காமல் இருப்பதும் விளம்பரத் தாளில் இடம்பெறாத சான்றுகள். நாற்காலியில் யாரையேனும் துணியால் கட்டி வைத்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். படுக்கையிலேயே இருப்பவரை எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தால் இடுப்பிலும் குதிகாலிலும் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் உண்டாகும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுவது பொதுவான வழக்கம். அதைக் குறித்து வைக்கும் ஏடு இருந்தால் இன்னும் நல்லது.

கட்டணத்தை ஒப்பிடும்போது மாதத் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். எடுத்துக்காட்டாக, ஓர் இல்லம் மாதம் 2,000 ரிங்கிட் கேட்கிறது. அணையாடைக்கு 250, பால்மாவுக்கு 200, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல 100, துணி துவைக்க 50 எனத் தனித்தனியாகச் சேர்கிறது. மொத்தம் 2,600 ரிங்கிட். மற்றோர் இல்லம் இவை அனைத்தையும் உள்ளடக்கி 2,500 கேட்கிறது. விலை குறைந்தது எது? முன்பணம் திரும்பக் கிடைக்குமா, பாட்டி மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்கும் கட்டணம் உண்டா, கட்டணத்தை உயர்த்தினால் எத்தனை நாள் முன்பே அறிவிப்பார்கள் என்பனவற்றை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுத்தான் கையொப்பமிட வேண்டும்.

இவ்வளவும் எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும். தோட்டத்துப் பாட்டிக்கு இன்னொன்றும் தேவை. அதைக் கட்டுரைகள் பெரும்பாலும் மறந்துவிடுகின்றன. அதுதான் மொழி. வாழ்நாள் முழுவதும் தமிழிலேயே பேசி, கடைத்தெருவுக்குப் போதுமான மலாயை மட்டும் அறிந்தவர் அவர். பராமரிப்பாளர் இந்தோனேசியராகவோ மியன்மார் நாட்டவராகவோ இருந்தால், “மாரை அடைக்குது” என்று பாட்டி சொல்வது யாருக்குப் புரியும்? புரியாத வலி பதிவேட்டில் ஏறாது. மருத்துவரின் காதுக்கும் போகாது. ஆகவே, தமிழ் பேசும் ஊழியர் ஒருவராவது உள்ள இல்லத்திற்கு, மற்றவை சமமாக இருந்தால், நான் முதலிடம் தருவேன். வெள்ளிக்கிழமை சைவ உணவு கிடைக்குமா, நெற்றியில் திருநீறு இட்டுவிடுவார்களா என்று கேட்கவும் தயங்கக் கூடாது. இவை சிறு விசயங்கள் அல்ல.

தொலைவும் கணக்கில் சேர வேண்டும். பிரிஞ்சாங்கிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியாக ஈப்போ செல்ல ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். மழைக்காலத்தில் மூடுபனியும் மண்சரிவும் பயணத்தைத் தடுக்கும். குளிர்ந்த மலையில் வாழ்ந்தவருக்கு ஈப்போவின் வெயில் புதிது. அறையில் காற்றோட்டம் எப்படி என்று பார்ப்பது அவசியம். வாரத்துக்கு இருமுறை எட்டிப் பார்க்க அத்தை அருகில் இருப்பதால், சற்று மேலான ஆனால் தொலைவில் உள்ள இல்லத்தைவிட, அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நடுத்தர இல்லம் பாட்டிக்குப் பாதுகாப்பானதாகலாம். உறவினர் அடிக்கடி வந்துபோகும் கட்டிலருகே ஊழியரின் கவனமும் கூடுதலாகவே இருக்கும்.

பாட்டியின் விருப்பத்தை யார் கேட்பது? அவர் தளர்ந்திருப்பது கையும் காலும்தான். எண்ணம் தெளிவாகவே இருக்கிறது. மூன்று இல்லங்களின் படங்களையும் கைப்பேசியில் காட்டி, நல்லதையும் குறையையும் மறைக்காமல் சொல்லலாம். பல இல்லங்கள் ஓரிரு வாரங்கள் தற்காலிகமாகத் தங்க இடமளிக்கின்றன. அந்த இரு வாரங்களில் பாட்டி எப்படி உண்டார், எப்படி உறங்கினார், யாரிடம் பேசினார் என்பது தெரிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் திரும்பி வரலாம் என்பதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பேத்திக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பாட்டி அன்றாடம் சொல்லும் இருபது சொற்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மலாய்ச் சொல்லை எழுதி, கட்டிலுக்கு மேலே ஒட்டிவைக்கலாம்: தண்ணீர் – ஆயிர், வலி – சாக்கிட், குளிர் – செஜூக். “கிறுகிறுன்னு வருது” என்பதற்கு என்ன எழுதுவது என்று பாட்டியிடமே கேட்டு, அது தலைச்சுற்றலா மயக்கமா என்பதை உறுதிசெய்துகொண்டு எழுத வேண்டும்.